கரைக்கும் ஒரு தடைக்காலம் வேண்டும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊராட்சிகளை நிர்வகிக்கும் பெரியவர்களுக்கும், ஊராட்சிச் செயலர்களுக்கும், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடற்கரையில் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் நான் கால் வைக்காத ஊர் குறைவு. உங்களில் சிலருக்கு என் கையாலேயே சொட்டு மருந்து விட்டிருக்கிறேன். சிலருடைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கடலில் விசைப்படகு போகாது. 2001-இல் இந்தத் தடைக்காலம் வந்தபோது 45 நாள்தான். 2017-இல் 61 ஆக்கினார்கள். ஆரம்பத்தில் எவ்வளவு முனகல் இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் வீடு வீடாகப் போகும்போது அடுப்பில் உலை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தவள் நான். இன்றைக்குப் படகு வைத்திருக்கும் எந்தச் சம்மாட்டியைக் கேட்டாலும், "குஞ்சு பொரிக்கிற காலத்துல மடிவலைய இழுத்தா அடுத்த வருசம் என்னத்த அள்ளுறது?" என்றுதான் சொல்கிறார்.

அதே 61 நாள் கரைக்கும் வேண்டும். கடற்கரை மணல்மேடு, ஊருணிக் கரை, கண்மாய்க் கரை, பாதையோரம், புறம்போக்குப் புதர் இவற்றில் அந்த இரண்டு மாதம் ஜேசிபி இறங்க வேண்டாம், மண்வெட்டியும் இறங்க வேண்டாம். இதுதான் என் கோரிக்கை. ஏன் கேட்கிறேன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

வேலையில் இருந்த காலத்தில் ஊர் ஊராக நடந்தேனே தவிர எதையும் நின்று பார்த்ததில்லை. தோளில் தடுப்பூசிப் பெட்டி, கையில் பதிவேடு, மனத்தில் அடுத்த வீடு. ஓய்வு பெற்ற பிறகுதான் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டேன். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். அவர்களோடு தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பிக் கடல் வரை போய், வேறொரு பாதையில் திரும்புவோம். முதல் வருடம் போகும்போதே பட்டாம்பூச்சி தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பிறகுதான் புரிந்தது. பட்டாம்பூச்சிக்கு உடம்பில் சூடு ஏறினால்தான் சிறகு அடிக்க முடியும். விடிகாலையில் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எட்டு மணி வாக்கில் சிறகை விரித்து வெயில் காயும், அப்புறம்தான் பறக்கும். அதனால் எங்கள் நடையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். போகும்போது பறவை, திரும்பும்போது பட்டாம்பூச்சி. பத்து மணிக்குமேல் நமக்கும் தாங்காது, அவையும் நிழலுக்கு ஒதுங்கிவிடும்.

நம் கரையில் பட்டாம்பூச்சி கொள்ளையாக இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி, தையில். கோடையில் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆனால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று கண்டுபிடிப்பது எளிது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது எந்தச் செடி பச்சையாக நிற்கிறதோ அங்கே இருக்கும். சித்திரையில் எங்கள் பக்கம் பச்சையாக நிற்பது எருக்கும் உகாயும் ஆவாரையும் உடைமரமும்தான். அடுத்த மழை வரைக்கும் அவற்றை நம்பித்தான் பல பூச்சிகளின் வம்சம் ஓடுகிறது. அந்த நேரத்தில் அவற்றை எடுத்தால், கடைசித் துண்டு நிலத்தையும் பறித்த மாதிரி.

எருக்கையே எடுத்துக்கொள்வோம். களை என்றால் முதலில் நம் வாயில் வருவது எருக்குதான். போன சித்திரையில் என் பேத்தி ஓர் எருக்கிலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாச்சி, இங்க வா, வளையல் போட்ட புழு!" என்று கத்தினாள். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என்று வளையம் வளையமாக உடம்பு. முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள், மயிரிழை போல மெல்லியவை. இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டுவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பாலின் நஞ்சைத்தான் இந்தப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பட்டாம்பூச்சியான பிறகும் அந்தக் கசப்பு போவதில்லை. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. வெந்தய வரியன் என்று அதற்குப் பெயர். வெந்தய நிறத்தில் சிறகு, நுனியில் கறுப்பும் வெள்ளைப் புள்ளிகளும். அதனால்தான் அதற்கு அவசரமே கிடையாது. பிள்ளைகள் பக்கத்தில் போனால்கூட மெதுவாக எழுந்து அடுத்த பூவில் உட்காரும்.

அதே நிறத்தில், அதே வடிவத்தில் இன்னொன்று பறக்கும். அதை டனைட் எக்ஃப்ளை என்பார்கள். அதன் பெண் மட்டும் வெந்தய வரியனைப் போலவே உடுத்திக்கொள்ளும். ஆண் வேறு மாதிரி, கறுப்புச் சிறகில் பெரிய வெள்ளை வட்டங்கள். அந்தப் பெண்ணின் உடம்பில் நஞ்சு கிடையாது. வெந்தய வரியனின் பெயரைக் காட்டிப் பிழைக்கிறது. அதன் புழு தின்பது நாம் கடையும் அதே பருப்புக்கீரை. எருக்கு போனால் வெந்தய வரியன் போகும். வெந்தய வரியன் போனால் அதன் சாயலில் பிழைப்பதற்கும் காவல் போய்விடும். ஒரு செடியை எடுக்கும்போது எத்தனை உயிரை எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க இதைச் சொல்கிறேன்.

உகாய் மரத்தை உங்களில் எல்லாருக்கும் தெரியும். அதன் குச்சிதான் மிஸ்வாக். பெரியபட்டினத்திலும் கீழக்கரையிலும் தொழுகைக்கு முன் பல் துலக்க எடுப்பார்கள். சித்திரை, வைகாசியில் சின்னச் சின்னப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு கடுகு போல ஒரு காரம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சங்கப் பாட்டிலேயே இந்த மரம் இருக்கிறது. புறாவின் முதுகு போன்ற அடிமரம் என்றும், இறாலின் சினை போன்ற பழம் என்றும் பாடியிருக்கிறார்கள். இறால் சினையை உவமை சொல்ல வேண்டுமென்றால் பாடியவர் கடலோரத்தையும் காட்டையும் சேர்த்துப் பார்த்தவராக இருக்க வேண்டும். நம் ஊர்க்காரராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். அந்த உகாய் இலையை நம்பி ஒரு பட்டாம்பூச்சி வாழ்கிறது. ஸ்மால் சால்மன் அராப் என்று பெயர், சிறகில் மங்கலான இளஞ்சிவப்பு. மலையிலும் பசுங்காட்டிலும் இவற்றைத் தேடிப் பயனில்லை. வறண்ட முள்காட்டுக்காரர்கள் இவர்கள். உச்சி வெயிலில் மற்ற பூச்சியெல்லாம் அடங்கிய பிறகும் உகாயைச் சுற்றிச் சுற்றிப் பறப்பார்கள்.

2019-இல் தமிழ் மறவனை நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். நல்ல அழகு. ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. நம் பிள்ளைகள் அதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்க்க முடியும். உகாயைச் சுற்றும் இந்த அராபுகளை வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

இப்போது ஒரு கரையின் கதையைச் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் எழுதவில்லை.

ஓர் ஊருணி. அதன் கிழக்குக் கரையில் கொஞ்சம் சீமைக்கருவேலம், இடையிடையே உகாய், விழுதி, ஆவாரை. கரையின் கோடியில் ஒரே ஒரு பெரிய உடைமரம், குடை பிடித்தது போல. அதன் காலடியில் ஈரம் கசியும் இடத்தில் ஆடுதீண்டாப்பாளை தரையோடு படர்ந்து கிடந்தது. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள் இதை நன்றாக அறிவார்கள். சாம்பல் பூத்த பச்சையில் வட்ட இலை. கசக்கினால் ஒரு குமட்டல் வாடை. ஊதா படிந்த கறுப்பில் குழல் போன்ற பூ. கிடை போட வந்த ஒரு கீதாரிப் பெரியவர், "ஆடு எதைத்தான் விடுது? இதை மட்டும் மோந்து பார்த்துட்டுப் போயிரும் தாயி" என்றார். (நர்சம்மாவாக இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். குடல் புழுவுக்கு என்று இதைப் பிள்ளைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் உண்டு. கொடுக்காதீர்கள். இதில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். குடல் புழுவுக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை சும்மா கிடைக்கிறது.)

மனிதனுக்கும் ஆட்டுக்கும் ஆகாத அந்தச் செடிதான் சிவப்புடல் அழகிக்குத் தாய்மடி. ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ் என்பார்கள். கறுப்புச் சிறகு. முன்சிறகில் வெள்ளைப் பட்டை, பின்சிறகில் ரத்தச் சிவப்புப் புள்ளிகள், உடம்பும் சிவப்பு. ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இந்த வகைக் கொடிகளைத் தவிர வேறெதிலும் அதன் புழு வளராது. கரும்பழுப்பு நிறத்தில், சிவப்பு நுனி வைத்த முண்டுகளோடு, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கவைக்கொம்பை நீட்டி வாடை அடிக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். கையை ஒன்றும் செய்யாது.

ஒரு தை மாதம் மாலை ஐந்தே முக்கால் இருக்கும். அந்த உடைமரத்தின் கீழ்க்கிளை ஒன்று இலையில்லாமல் காய்ந்து நின்றது. அதில் சருகுகள் தொங்குவதாகத்தான் முதலில் நினைத்தேன். காற்று அடித்தபோது சருகின் அடியில் சிவப்பு தெரிந்தது. எல்லாம் சிவப்புடல் அழகிகள். முன்சிறகைப் பின்னால் இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஒன்றை ஒன்று உரசியபடி, வரிசையாக உறங்கத் தொடங்கியிருந்தன. இன்னும் இரண்டு மூன்று வந்துகொண்டே இருந்தன. வந்தது இடம் தேடி ஒரு சுற்று சுற்றும். உட்கார்ந்திருப்பவை சிறகை ஒருமுறை படக்கென்று விரித்து மூடும். அப்புறம் வழி விடும். நாற்பத்தேழு வரை எண்ணினேன். இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போய் அன்றைக்கு யாரிடமும் இதைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பாம்பன் பக்கத்துக் கடல்காரர்களிடம் பிற்பாடு பேசியபோது, கரை கண்ணுக்கு மறைந்த தூரத்திலும் இந்தப் பூச்சி அலைக்கு மேல் பறந்துபோவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எனக்கு ஆச்சரியமாக இல்லை. கூட்டம் பெருகினால் ஊர் விட்டு ஊர் போகும் பூச்சி அது.

அடுத்த சித்திரையில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கரை மொட்டையாக இருந்தது. கரையின் மேல் ஜேசிபி சக்கரத்தின் தடம் மட்டும். சீமைக்கருவேலம் எடுக்க வந்த வண்டி எல்லாவற்றையும் சேர்த்து வழித்துவிட்டது. உகாய் இல்லை, விழுதி இல்லை, உடைமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. வண்டி ஓட்டிய தம்பியை எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தவள் நான். "நர்சம்மா, முள்ளுச் செடி எல்லாத்தையும் எடுன்னாங்க. உடையும் முள்ளுத்தானே, எடுத்துட்டேன்" என்றான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. இது சீமைக்கருவேலம், இது உடை, இது உகாய் என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்க அன்றைக்கு அந்தக் கரையில் யாருமே நிற்கவில்லை.

சீமைக்கருவேலத்தை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. இந்த மாவட்டத்தில் அது பரவிய பரவலைக் கண்ணால் கண்டவர்கள் நாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் அடுப்பும் எரிய வேண்டும். என்றாலும் நீர்நிலையில் அது இருக்கக்கூடாது, எடுக்கத்தான் வேண்டும். எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பிரச்சினை. மொட்டை அடித்த அந்தக் கரையில் அடுத்த மழைக்கு முளைத்தது என்ன தெரியுமா? சீமைக்கருவேலம் மட்டும்தான். வெட்டிய கட்டையிலிருந்து தழைத்தது. ஆடுகள் நெற்றைத் தின்று போட்ட சாணத்திலிருந்து முளைத்தது. நிழலும் போட்டியும் இல்லாத வெறும் மண்தான் அதற்கு வேண்டும். அதை நாமே உழுது கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. உகாயும் ஆவாரையும் நின்றிருந்தால் சீமைக்கருவேலங்கன்றுக்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைத்திருக்காது. செலவழித்த பணம் போச்சு, எதிரி திரும்பி வந்தான், காவல்காரன்தான் செத்தான்.

கடற்கரைக்கு வருகிறேன். கரையில் படரும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசையையும் "சுத்தம் செய்கிறோம்" என்று இழுத்துப் போடுவதைப் பல இடத்தில் பார்க்கிறேன். அந்தக் கொடியும் புல்லும் பிடித்து வைத்ததால்தான் நம் மணல்மேடு மேடாக நிற்கிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அது இல்லாத இடத்தில் மணல் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ராமேசுவரம் தீவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதே மணலில் இன்னொருவர் குடியிருக்கிறார். போன வைகாசியில் தென்கடல் ஓரமாக நடந்துபோனோம். ஒரு சின்னப் பறவை எங்கள் முன்னால் விழுந்தது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒடிந்தது போல் தத்தித் தத்திப் போனது. பேரன் பிடிக்க ஓடினான். எனக்கு ஏதோ பட்டது. "எல்லாரும் நின்ன இடத்துலயே நில்லுங்க" என்றேன். பேத்தியின் பாதத்துக்கு இரண்டு சாண் தள்ளி, குளம்பு அழுத்திய குழி போல ஒரு பள்ளம். அதில் மணல் நிறத்தில் கறுப்புத் தெளிப்போடு இரண்டு முட்டை. குச்சி இல்லை, புல் இல்லை, கூடு என்று ஒன்றும் இல்லை. உடைந்த சங்குத் துண்டு நாலு கிடந்தது, அவ்வளவுதான். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் முட்டை இருந்த இடம் தெரியாது. நாங்கள் பின்னால் நகர்ந்து தூரத்தில் உட்கார்ந்துகொண்டோம். ஒடிந்த சிறகு உடனே சரியாகிவிட்டது. பறவை நேரே திரும்பவில்லை. அலையோரம் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்துதான் முட்டைமேல் அமர்ந்தது. அந்த வெயிலில் முட்டையை வேகவிடாமல் காப்பதற்கு அதற்குத் தெரிந்த வழி அது. பிள்ளைகள் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை.

உப்புக்கொத்தி என்று நாம் பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் ஒன்று அது. 1915-இல் முதன்முதலாக விவரித்தார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டு உப்புக்கொத்தி ஒன்றின் கிளை என்று வைத்துவிட்டார்கள். 2023-இல்தான் இது தனி இனம் என்று ஆய்வில் நிலைநாட்டினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஞ்சு பொரிக்கும் பறவை. நம் சேதுக்கரைக் கதையை வைத்து அதற்கு ஹனுமான் உப்புக்கொத்தி என்று பெயர். உலகம் முழுக்கத் தேடினாலும் இந்தியாவின் தென்முனையும் இலங்கையும் விட்டால் இதற்கு வேறு பிறந்தகம் இல்லை. அப்படிப்பட்டதன் முட்டைமேல் பைக் ஏறினால், ஏற்றியவனுக்கே தெரியாது. டிராக்டர் வைத்து மணலை வாரிச் சமப்படுத்தினாலும் அப்படித்தான்.

மணல்மேட்டுக்குக் கொஞ்சம் உள்ளே, புல்லும் கல்லும் கலந்த இடத்தில் ஓர் ஓணான் உண்டு. சாதாரண ஓணானைவிடச் சின்னது. கோடையில்தான் ஆண் ஓணான் ஒரு கல்மேல் ஏறி நின்று தொண்டைக்கடியில் இருக்கும் தோலை விசிறி மாதிரி விரித்து விரித்து மூடும். நீலம், கறுப்பு, சிவப்பு என்று பளிச்சென்று அடிக்கும். பெண்ணைக் கூப்பிடுகிறது. 2016-இல் இந்த வகையைத் தனி இனமாக விவரித்தவர்கள், அறிவியல் பெயராகவே 'சிட்டானா விசிறி' என்று வைத்திருக்கிறார்கள். நம் பனையோலை விசிறிதான். நம் வீட்டுத் திண்ணைச் சொல் உலகத்து நூல்களில் ஏறியிருக்கிறது. அந்த ஓணான் குடியிருக்கும் இடத்தை நம் கணக்கில் 'தரிசு' என்று எழுதிவைத்திருக்கிறோம்.

உங்கள் பக்கத்துச் சங்கடமும் எனக்குப் புரியும். கண்மாயும் ஊருணியும் வற்றுவதே கோடையில்தான், அப்போது வாராமல் எப்போது தூர் வாருவது என்று கேட்பீர்கள். நியாயம். உள்வாயை வாருங்கள். வரத்துக்காலை வாருங்கள். மடையையும் கலுங்கையும் சரிசெய்யுங்கள். தண்ணீர் நமக்கும் வேண்டும், பறவைக்கும் வேண்டும். நான் விடச் சொல்வது கரையை. கரைமேல் நிற்கும் சீமைக்கருவேலத்தைத் தடைக்காலம் முடிந்து ஆனி, ஆடியில் எடுக்கலாம். மழைக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அப்போதும் நாட்டுச் செடியைப் பார்த்து ஒதுக்கி எடுக்கலாம்.

பாம்பு வரும் என்பீர்கள். பாம்புக்கடியோடு வந்தவர்களை நடுராத்திரியில் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியவள் நான், அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுச் சுவரை ஒட்டியும் பள்ளிக்கூடம், அங்கன்வாடியைச் சுற்றியும் தாராளமாகச் சுத்தம் செய்யுங்கள். ஊருக்கு வெளியே அரை மைலில் இருக்கும் கரையை எதற்கு வழிக்க வேண்டும்? கொசு வரும் என்று சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. டெங்குக் கொசு புதரில் முட்டை இடாது. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் மூடாத தொட்டியிலும் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் இடும். செடி வெட்டும் ஆட்களில் நாலு பேரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் எனக்கு அடுத்து வேலைக்கு வந்த தங்கச்சி உங்களைக் கும்பிடுவாள்.

புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முருங்கையில் வரும் கம்பளிப்பூச்சியால் தடிப்பு வந்து என்னிடம் வந்த பிள்ளைகள் ஏராளம். அந்தப் பயத்தில் எந்தப் புழுவைப் பார்த்தாலும் மிதித்துவிடுகிறோம். எருக்கில், உகாயில், ஆவாரையில், கறிவேப்பிலையில் இருக்கும் மயிரில்லாத புழு பட்டாம்பூச்சியின் பிள்ளையாக இருக்கலாம். கையில் ஏறினாலும் அரிக்காது. ஆவாரைப் புழு வெளிர்பச்சை சேர்ந்த வெள்ளைச் சிறகோடு வெளியே வரும். ஓரிதழ்த் தாமரையில் இருக்கும் முள்ளு முள்ளான புழுகூடப் பார்வைக்குத்தான் முரடு. காய்ந்துபோன செடிக்கும் வேலை இருக்கிறது. தேள்கொடுக்குச் செடி வாடிச் சருகானபின் அதில் நீல வரியன்கள் மொய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். பூ இல்லை, தேன் இல்லை. வாடிய தண்டில் உள்ள ஒரு கசப்புச் சத்தை உறிஞ்சத்தான் அந்தக் கூட்டம். ஆண் பூச்சிகளுக்கு இணை தேட அது வேண்டுமாம். பத்துப் பைசாவுக்கு ஆகாத சருகு என்று நாம் கூட்டித் தீ வைக்கிறோம்.

கடலுக்குள் இருக்கும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு 1986-இலிருந்து தேசியப் பூங்கா இருக்கிறது. தனுஷ்கோடிப் பூநாரைகளுக்கு 2025-இல் சரணாலயம் அறிவித்தார்கள். சக்கரக்கோட்டைக் கண்மாயும் தேர்த்தங்கல் கண்மாயும் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. எல்லாம் பெரிய காரியம், மனது நிறைகிறது. ஆனால் உடைமரத்துக் கிளையில் உறங்கிய அந்த நாற்பத்தேழுக்குச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ உத்தரவு வராது. அது உங்கள் கையில் இருக்கிறது. ஊராட்சித் தீர்மானம் ஒன்று போதும். கிராம சபையில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையிலும் மணல்மேட்டிலும் செடி வெட்டுவதில்லை, கடற்கரை மணலில் வண்டி இறக்குவதில்லை, மற்ற மாதங்களில் வெட்டும்போது அடையாளம் கட்டிய செடியைத் தொடுவதில்லை.

அடையாளம் கட்டுவது எங்கள் வேலையாக இருக்கட்டும். வண்டி வருவதற்கு ஒரு நாள் முன்னால் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். கீதாரிகளில் ஒருவர், பனையேறும் அண்ணன் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒரு கரையை ஒரு காலையில் நடந்து முடித்துவிடலாம். உகாய், விழுதி, உடை, ஆவாரை எது நின்றாலும் அதன் கிளையில் ஒரு வெள்ளைத் துணி. ஆடுதீண்டாப்பாளை கிடக்கும் இடத்தைச் சுற்றி நாலு கல். ஜேசிபி ஓட்டும் தம்பிக்குத் துணி தெரிந்தால் போதும், அவன் ஒதுங்கி எடுப்பான். அவனிடம் இதைக் கேட்டுவிட்டேன். "அப்படிக் கட்டி வச்சா எனக்கு என்ன நர்சம்மா கஷ்டம்?" என்றான்.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு எங்கள் ஊருணிக் கரை வேப்பமரத்தடியில் நாங்கள் கூடுகிறோம். உங்களில் யாரால் முடியுமோ வாருங்கள். செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், நெருஞ்சி அதிகம். எட்டு மணிக்கு மேல் இருக்க முடிந்தால் இருங்கள், வெந்தய வரியன் எழுந்திருக்கும் நேரம் அது. மொட்டையான அந்தக் கரையிலும் போன மாதம் ஓர் எருக்கு துளிர்த்திருக்கிறது. அதற்கு முதல் துணியைக் கட்டிவிட்டு நடையைத் தொடங்குவோம். கிழித்து வைத்த பழைய வேட்டித் துணி என்னிடம் ஒரு பை நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் நர்சம்மா